ஐஸ் பிரேக்கர் என்னும் ஆபீஸ் ராகிங்

தமிழில் 'ஐஸ் வைப்பது' என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். மேலே இருப்பவரின் மனம் குளிரப் பேசிக் காரியம் சாதிப்பது. ஆபீஸ்களில் 'ஐஸ் உடைப்பது' என்று இன்னொன்று இருக்கிறது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று எச்.ஆர். ஆட்கள் சொல்வார்கள். இருக்கிறது, நெருங்கிய சொந்தம் என்று நான் சொல்கிறேன். அதற்குத்தான் இவ்வளவு நீளமான பதிவு. டீயோ காபியோ எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன முன்னுரை. வருடத்துக்கு ஒரு தடவை கம்பெனிகள் தங்கள் டீமை பஸ்ஸில் ஏற்றி ஏலகிரிக்கோ, மகாபலிபுரம் பக்கம் ஒரு ரிசார்ட்டுக்கோ கூட்டிக்கொண்டு போகும். பெயர் டீம் அவுட்டிங், அல்லது ரிட்ரீட். போய் இறங்கியதும் வெல்கம் டிரிங்க் என்று ஒரு கலர் தண்ணீர் தருவார்கள். அடுத்து கையில் மைக்கோடு ஒருவர் வந்து, "எல்லாரும் வட்டமா நில்லுங்க, ஒரு சின்ன ஐஸ் பிரேக்கர் பண்ணலாம்" என்பார். கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது, பலூனைக் கையால் தொடாமல் அடுத்தவருக்குக் கடத்துவது, கைகளைக் கோத்துச் சிக்கலாக்கிவிட்டு அவிழ்ப்பது, "நீங்கள் ஒரு மிருகமாகப் பிறந்திருந்தால் எந்த மிருகம்?" என்று கேட்பது எல்லாம் இந்த வகை. ஒருவரை ஒருவர் தெரியாதவர்களிடம் இருக்கும் தயக்கத்தைப் போக்கி நெருக்கத்தை உண்டாக்குவதுதான் நோக்கமாம்.

நோக்கத்தில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் இதே காரியத்தை காலேஜ் ஹாஸ்டலில் ஒரு சீனியர் செய்தால் அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் வேறு.

*

கொஞ்சம் பின்னால் போவோம். 1996 நவம்பரில் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டார். தமிழ்நாடே அதிர்ந்தது. 1997-இல் தமிழ்நாடு அரசு ராகிங்கைத் தடுக்கத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. அதற்குப் பிறகும் நாட்டில் சாவுகள் நிற்கவில்லை. 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுவதற்குமான விதிமுறைகளை வெளியிட்டது. அட்மிஷன் சமயத்தில் நாமும் பெற்றோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறோமே, அந்த உறுதிமொழிப் படிவம் அந்த விதிமுறைகளில் இருந்து வந்ததுதான்.

அதில் எது எது ராகிங் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அடிப்பதும் பணம் பிடுங்குவதும் மட்டும் இல்லை. ஒரு மாணவர் சாதாரணமாகச் செய்யாத ஒரு செயலைச் செய்யச் சொல்லி, அதனால் அவருக்கு வெட்கமோ வேதனையோ சங்கடமோ உண்டானால் அதுவும் ராகிங்தான் என்கிறது அந்த விதி. ஒரு தடவை நிதானமாகப் படித்துப் பாருங்கள். பிறகு 'மாணவர்' இருக்கும் இடத்தில் 'ஊழியர்' என்று போட்டு இன்னொரு தடவை படியுங்கள்.

உடனே சண்டைக்கு வராதீர்கள். கொலையையும் பலூன் விளையாட்டையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் இரண்டு பக்கமும் சொல்லும் நியாயம் ஒன்றுதான்: "உங்களோட ஃப்ரெண்டாகத்தாம்ப்பா செய்யறோம்." ஹாஸ்டலில் 'இன்ட்ரோ' என்பார்கள், ஆபீஸில் 'ஐஸ் பிரேக்கர்' என்கிறார்கள். இரண்டு இடத்திலும் மேலே இருப்பவர் கேட்கிறார், கீழே இருப்பவர் சிரித்துக்கொண்டே செய்கிறார்.

*

போன கோடை விடுமுறையில் இரண்டு மாதம் சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் இன்டர்னாக இருந்தேன். (பெயர் வேண்டாம். சர்டிபிகேட் வாங்கியாச்சு என்றாலும் வேண்டாம் :-) ) மொத்தம் 24 பேர் இருந்த டீம். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் எங்களை கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட்டுக்குக் கூட்டிப் போனார்கள். இன்டர்ன் என்பதால் என்னை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. எனக்கு அது வசதியாகப் போயிற்று. ஓரமாக நின்று எல்லாவற்றையும் பார்க்க முடிந்தது.

முதல் ஐட்டம், பேப்பர் டான்ஸ். தரையில் ஒரு நியூஸ்பேப்பரை விரிப்பார்கள். அதன் மேல் இரண்டு பேர் ஆட வேண்டும். பாட்டு நின்றதும் பேப்பரைப் பாதியாக மடிப்பார்கள். திரும்பவும் ஆட்டம், திரும்பவும் மடிப்பு. நான்காவது மடிப்பில் இரண்டு பேர் நிற்க ஒரு நோட்டுப் புத்தகம் அளவுக்குக்கூட இடம் இருக்காது. ஜோடியை அவரவர் தேர்ந்தெடுக்க முடியாது, சீட்டு எடுத்துத்தான்.

டெஸ்டிங்கில் இருந்த ஓர் அக்காவுக்கும், அந்த மாதம்தான் வேலைக்குச் சேர்ந்த ஒரு பையனுக்கும் சீட்டு விழுந்தது. "நான் வரலை, வேணும்னா பாட்டு போடறேன்" என்று அக்கா மெதுவாகத்தான் சொன்னார். மைக்காரர் விடுவாரா? "என்ன மேடம், ஸ்போர்ட்டிவ்வா எடுத்துக்கோங்க! எங்க, எல்லாரும் மேடம் பேரைச் சொல்லுங்க!" என்றார். 22 பேர் கைதட்டிப் பெயர் சொல்ல ஆரம்பித்தார்கள். முன் வரிசையில் மேனேஜரும் தட்டினார். அக்கா போனார். இரண்டாவது மடிப்பிலேயே காலைக் கீழே வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார். அந்தப் பையன் கடைசி வரைக்கும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்கா சிரித்த சிரிப்பு நமக்குத் தெரிந்ததுதான். முதல் வருடம் ஹாஸ்டல் வராந்தாவில் நம்மில் பல பேர் அதைச் சிரித்திருக்கிறோம். "சிரிச்சாங்களே, அப்போ அவங்களுக்கும் ஜாலிதானே?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அழ முடியாத இடத்தில் மனிதன் சிரித்துத்தான் தப்பிக்கிறான்.

2013-இல் வந்த பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 'பணியிடம்' என்பதற்கு ஆபீஸ் கட்டிடத்தை மட்டும் சொல்லவில்லை. வேலை நிமித்தம் ஊழியர் போகிற எந்த இடமும், கம்பெனி ஏற்பாடு செய்யும் வண்டியும்கூடப் பணியிடம்தான். ஆக அந்த ரிசார்ட் புல்வெளியும் ஆபீஸ்தான். பேப்பர் டான்ஸ் எல்லாம் குற்றம் என்று நான் தீர்ப்பு எழுதவில்லை, அதற்கு நான் யார்? ஆபீஸ் கேபினுக்குள் இரண்டு பேரை இப்படி உரசிக்கொண்டு நிற்கச் சொல்ல எந்த மேனேஜருக்காவது தைரியம் வருமா என்று மட்டும் கேட்கிறேன்.

*

இரண்டாவது ஐட்டத்தில் யாரும் யாரையும் தொடவில்லை. என்னைக் கேட்டால் அதுதான் இன்னும் மோசம். வட்டமாக உட்கார்ந்து, ஒவ்வொருவரும் பெயர், பெயருக்குப் பின்னால் உள்ள கதை, சொந்த ஊர், சின்ன வயசு ஞாபகம் ஒன்று என்று சொல்ல வேண்டும். கேட்க அழகாகத்தான் இருக்கிறது.

ஓர் அண்ணன், "மதுரைப் பக்கம்" என்று சொல்லி முடித்துக்கொண்டார். "மதுரைப் பக்கம்னா எங்க? மேலூரா, உசிலம்பட்டியா, திருமங்கலமா?" என்று ஒருவர் கேட்டார். "சின்ன கிராமம் சார், உங்களுக்குத் தெரியாது." "சொல்லுங்க, எங்க மாமா வீடு அந்தப் பக்கம்தான்." இது எங்கே போகிறது என்று தமிழ்நாட்டில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஊர் தெரிந்தால் தெரு, தெரு தெரிந்தால் கோயில், கோயில் தெரிந்தால் முடிந்தது கதை. அந்த அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு சின்ன வயசு ஞாபகத்துக்குத் தாவிவிட்டார்.

1929-இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். இன்று நம் வகுப்பில் வருகைப் பதிவேட்டை எடுத்தால் இனிஷியலும் பெயரும்தான் இருக்கிறது. இந்தியாவில் பல மாநிலங்களில் இது இல்லை. மூன்று நான்கு தலைமுறை பாடுபட்டுப் பெயரில் இருந்து எடுத்ததை, அதே செங்கல்பட்டு மாவட்டத்து ரிசார்ட்டில், 'உங்க பேருக்குப் பின்னாடி இருக்கும் கதை' என்று ஒரே ரவுண்டில் கேட்டு வாங்கிவிடுகிறார்கள். கேட்டவருக்குக் கெட்ட எண்ணம் இருந்ததா என்பது இங்கே கேள்வியே இல்லை. பதில் சொல்ல வேண்டியவருக்கு அது பரீட்சை.

சாதி மட்டும் இல்லை. 'முதல் ஃபாரின் ட்ரிப்', 'சின்ன வயசு போட்டோ கொண்டு வாங்க', 'அப்பாவிடம் கற்றுக்கொண்டது' என்று கேட்கிறார்கள். போட்டோ எடுக்கவே வசதி இல்லாமல் வளர்ந்தவர் இருப்பார். அப்பாவைப் பற்றிப் பேச விரும்பாதவர் இருப்பார். கல்யாணமாகி ஆறு வருடம் ஆனவரிடம் 'எத்தனை குழந்தைங்க?' என்பது சாதாரணக் கேள்வியா? எல்லாருக்கும் ஒரே கேள்வி என்பதால் எல்லாருக்கும் ஒரே எடை ஆகிவிடாது.

*

"பிடிக்கலைன்னா ஒதுங்கிக்கலாமே, யார் கட்டாயப்படுத்தினா?" இதுதான் வழக்கமாக வரும் பதில்.

கட்டாயம் என்று யாரும் சொல்வதில்லை, வாஸ்தவம். ஆனால் அப்ரைசல் எழுதுகிறவர் முன் வரிசையில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருக்கிறார். 'டீம் பிளேயர்' என்று அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. ஒதுங்கி நின்றவர் முகமும் அவருக்கு ஞாபகம் இருக்கும், விழுந்து விழுந்து ஆடியவர் முகமும் ஞாபகம் இருக்கும். நான் ஆரம்பத்தில் சொன்ன ஐஸ் வைப்பதும் ஐஸ் உடைப்பதும் சந்திக்கும் இடம் இதுதான். மேனேஜர் ஜோக்குக்கு அதிகமாகச் சிரித்தவர்தான் அன்றைக்கு 'பெஸ்ட் ஸ்போர்ட்' பரிசு வாங்கினார். ஒரு காபி கப்.

இது நம்ம ஊர்ப் புலம்பல் மட்டும் இல்லை. பிரான்ஸில் ஓர் ஆலோசனை நிறுவனம், 'ஜாலியாக இருப்பது எங்கள் கம்பெனியின் மதிப்பீடு' என்று சொல்லி, அதில் கலந்துகொள்ளாத ஓர் ஊழியரை 2015-இல் வேலையை விட்டு அனுப்பியது. அங்கே நடந்த ஜாலியில் அளவுக்கு மீறிய குடியும் இன்னும் பல கூத்துகளும் உண்டு. வழக்கு அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2022 நவம்பரில், அந்தக் கேளிக்கையில் சேர மாட்டேன் என்பது அவருடைய கருத்துச் சுதந்திரம், அதற்காக வேலையைப் பறிக்க முடியாது என்று தீர்ப்பு வந்தது. ஜாலியாக இருக்க மறுக்கும் உரிமைக்கு ஒரு மனிதன் ஏழு வருடம் கோர்ட் படி ஏற வேண்டியிருந்தது என்பதை யோசித்துப் பாருங்கள்.

*

சரி, சங்கடம் இருந்தாலும் பலன் இருக்கிறதா? அதையும் பார்ப்போம். மைக் பிடிப்பவர்கள் ஆராய்ச்சி அது இது என்று அடிக்கடி சொல்வதால் அந்த ஆராய்ச்சிகளுக்கே போவோம்.

இவர்களுக்குப் பிடித்தது, ஆர்தர் ஆரன் என்ற உளவியலாளரும் அவரது குழுவும் 1997-இல் வெளியிட்ட ஆய்வு. முன்பின் தெரியாத இரண்டு பேர் 36 கேள்விகளை ஒருவரை ஒருவர் கேட்டுப் பதில் சொன்னால் 45 நிமிடத்தில் நெருக்கம் உண்டாகிறது என்று அதில் தெரிந்தது. உண்மைதான். ஆனால் அது இரண்டே பேருக்குள் நடந்தது. கேள்விகள் லேசாக ஆரம்பித்துப் படிப்படியாக ஆழமாகின. ஒருவர் சொன்னதும் மற்றவரும் சொல்ல வேண்டும், இரண்டு பேருக்கும் சம பங்கு. பக்கத்தில் சம்பளம் நிர்ணயிப்பவர் யாரும் இல்லை. 24 பேர் வட்டத்தில், மைக்கில், மேனேஜர் முன்னால், 30 விநாடியில் ஒருவர் மனம் திறக்க வேண்டும் என்பதற்கும் அந்த ஆய்வுக்கும் என்ன சம்பந்தம்?

இன்னொன்று 1954-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் முசாஃபர் ஷெரீஃப் நடத்திய கோடை முகாம். பதினொரு வயது வாக்கில் உள்ள 22 பையன்களை இரண்டு கோஷ்டியாகப் பிரித்துப் போட்டி வைத்தார்கள். பேஸ்பால், கயிறு இழுத்தல் எல்லாம் நடந்தது. கொஞ்ச நாளில் ஒரு கோஷ்டி இன்னொரு கோஷ்டியின் கொடியை எரிக்கும் அளவுக்குப் பகை முற்றியது. பிறகு சமாதானம் செய்ய இருவரையும் சேர்த்து உட்கார வைத்துச் சினிமா காட்டினார்கள், சாப்பாடு போட்டார்கள். சாப்பாட்டை ஒருவர் மேல் ஒருவர் எறிந்ததுதான் மிச்சம். பகை எப்போது தணிந்தது? முகாமுக்குத் தண்ணீர் வருவது நின்றபோதும், சாப்பாடு கொண்டுவரும் லாரி மக்கர் செய்தபோதும் எல்லோரும் சேர்ந்து வேலை செய்ய வேண்டி வந்தது. முன்பு எதிரெதிரே நின்று இழுத்த அதே கயிற்றை லாரியில் கட்டி, எல்லோரும் ஒரே பக்கம் நின்று இழுத்தார்கள். இந்தச் சிக்கல்களை ஆய்வாளர்களே ஏற்பாடு செய்தார்கள், நடத்திய விதத்தைப் பற்றிக் கடுமையான விமர்சனங்களும் உண்டு. ஆனாலும் டீம் அவுட்டிங்கில் நான்கு கோஷ்டி பிரித்துக் கயிறு இழுக்க விடுகிறவர்கள் இதை ஒரு தடவை படித்துவிட்டு விடலாம்.

அதே 1954-இல் கார்டன் ஆல்போர்ட் எழுதிய புத்தகம் ஒன்று இன்றும் பேசப்படுகிறது. வேறு வேறு ஆட்கள் ஒன்றாகப் பழகினால் மட்டும் போதாது, சம அந்தஸ்து வேண்டும், பொது இலக்கு வேண்டும், போட்டி இல்லாத கூட்டு வேலை வேண்டும், மேலிடத்து ஆதரவு வேண்டும் என்றார். நாங்கள் போன ரிட்ரீட்டில் சம அந்தஸ்து எப்படி இருந்தது தெரியுமா? பஸ் ஓட்டி வந்த டிரைவர் அண்ணன் கார் பார்க்கிங்கில் உட்கார்ந்து சாப்பிட்டார். தினமும் எங்கள் மேஜையைத் துடைத்து டீ கொடுக்கும் கான்ட்ராக்ட் அம்மா லிஸ்டிலேயே இல்லை. அவரும் எட்டு மணி நேரம் எங்களோடுதான் இருக்கிறார். அவருக்கும் எங்களுக்கும் நடுவில் இருக்கும் ஐஸ் யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

கடைசியாக ஏமி எட்மண்ட்சன். ஒரு உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை ஆராய்ந்து 1999-இல் வெளியிட்டவர். தப்பு நடந்தால் வாய் திறந்து சொல்லலாம், தெரியாததைக் கேட்கலாம், யாரும் மட்டம் தட்ட மாட்டார்கள் என்ற நம்பிக்கை உள்ள குழுவில்தான் கற்றலும் அதனால் நல்ல வேலையும் நடக்கிறது என்று கண்டார். இந்த நம்பிக்கை தலைவர் தினமும் நடந்துகொள்ளும் விதத்தில் வருகிறது. திங்கட்கிழமை மீட்டிங்கில் "இது கூடத் தெரியாதா?" என்று கேட்பவர், சனிக்கிழமை பலூன் ஊதினால் ஒன்றும் மாறாது.

அந்த இரண்டு மாதத்தில் எனக்கு அந்த டீமில் நட்பு வந்த நாள் ரிசார்ட் நாள் இல்லை. அதற்கு இரண்டு வாரம் கழித்து ஒரு புதன்கிழமை ராத்திரி, புது வெர்ஷன் போட்டதும் ஒரு ரிப்போர்ட் ஓடாமல் நின்றுவிட்டது. அதே டெஸ்டிங் அக்கா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, லாக் ஃபைலை எப்படிக் கீழிருந்து மேலே படிக்க வேண்டும் என்று காட்டினார். பதினோரு மணிக்கு பரோட்டா வந்தது. சால்னா கவரைப் பிரிக்கும்போது, யாரும் கேட்காமலேயே, தன் மகளைப் பற்றிச் சொன்னார். இன்றைக்கும் அவரோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.

*

"அப்போ என்னதான் செய்யணும்கிறே? புதுசா வந்தவன் யாரோடும் பேசாம மூலையில உட்காரட்டுமா?" நியாயமான கேள்வி. புதிதாகச் சேர்ந்தவருக்கு நாலு பேர் பெயராவது தெரிய வேண்டும். சில பேருக்கு இந்த விளையாட்டுகள் நிஜமாகவே பிடிக்கும், அவர்களைக் கெடுக்கவும் எனக்கு ஆசை இல்லை. நடத்துகிறவர்களுக்கு என் பட்டியல்:

1. என்ன செய்யப்போகிறீர்கள் என்று இரண்டு நாள் முன்பே மெயிலில் சொல்லுங்கள். சர்ப்ரைஸ் வேண்டாம்.

2. 'பாஸ்' என்று ஒரு வார்த்தை சொன்னால் அடுத்தவருக்குப் போய்விட வேண்டும். காரணம் கேட்கக் கூடாது, கைதட்டக் கூடாது, கிண்டல் கூடாது. முதல் 'பாஸ்' சொல்ல வேண்டியது மேனேஜர். அவர் சொன்னால்தான் மற்றவர்களுக்குத் தைரியம் வரும்.

3. தொடும் விளையாட்டு எதுவும் வேண்டாம்.

4. ஊர், குடும்பம், சின்ன வயசு, பெயர்க்காரணம் கேட்காதீர்கள். வேலையைக் கேளுங்கள். "எனக்கு எது தெரியும், எதில் உதவி வேண்டும்" என்று ஆளுக்கு ஒன்று சொன்னால் போதும். திங்கட்கிழமையே பயன்படும்.

5. முதலில் இரண்டு இரண்டு பேராகப் பேசவிடுங்கள். வட்டமும் மைக்கும் பிறகு, அதுவும் தேவை என்றால்.

6. வேலை நாளில், வேலை நேரத்தில் நடத்துங்கள். சனி ஞாயிறு எங்களுடையது.

7. பஸ் டிரைவரும் டீ கொடுப்பவரும் அதே பந்தியில் சாப்பிடட்டும்.

8. சும்மா விட்டாலே பாதி ஐஸ் கரைந்துவிடும். ஒரு கேரம் போர்டு, ஒரு ஃபிளாஸ்க் டீ, கடற்கரையில் ஒரு மணி நேரம்.

*

இதை என் வகுப்புத் தோழர்களுக்கு எழுதக் காரணம் இருக்கிறது. இன்னும் ஒரு வருடத்தில் நம்மில் முக்கால்வாசிப் பேர் அந்த வட்டத்தில் நிற்கப்போகிறோம். எம்.பி.ஏ. போகிறவர்களில் சிலர் அந்த மைக்கையே பிடிக்கப்போகிறீர்கள். அதற்கும் முன்னால், அடுத்த மாதம் நம் டிபார்ட்மென்ட் பிரெஷர்ஸ் டே வருகிறது. போன வருட ப்ரோகிராம் லிஸ்டை எடுத்துப் பாருங்கள். பேப்பர் டான்ஸ் மூன்றாவது ஐட்டம். 'ஊர், பேர், பேருக்கு அர்த்தம்' முதல் ஐட்டம். புதிதாக வரும் பிள்ளைகளில் முதல் தலைமுறையாக காலேஜ் படி ஏறுகிறவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். அந்த இரண்டையும் லிஸ்டில் இருந்து அடித்துவிட்டு, 'பாஸ்' விதியை மேடையிலேயே அறிவிப்போம். கமிட்டியில் இருப்பவர்கள் மெஸ்ஸில் என்னைப் பிடித்துத் திட்டலாம், பேசலாம். தயாராகத்தான் இருக்கிறேன்.

பி.கு.: "நீங்க ஒரு மிருகமாப் பிறந்திருந்தா?" என்று என்னையும் கேட்டார்கள். ஆமை என்றேன். ஏன் என்று கேட்டார் மைக்காரர். தேவைப்பட்டால் உள்ளே இழுத்துக்கொள்ளலாம் என்றேன். யாரும் சிரிக்கவில்லை, அக்கா மட்டும் சிரித்தார். :-)